நூற்றுப் பதினேழாம் பக்கம்

போன வாரம் இந்தத் தொடரில், பாலிடெக்னிக் ஆபீஸில் நான் வேலைக்குச் சேர்ந்த கதையைப் பாதியில் விட்டிருந்தேன். அது அங்கேயே கிடக்கட்டும். இந்த வாரம் வேறொன்றைச் சொல்லியாக வேண்டும்.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம். குன்றாண்டார்கோவிலில் எங்கள் வீட்டின் பின் அறை. கதவை உள்ளே தாழ் போட்டிருந்தேன். வெளியே வெயில் கொளுத்தியது. தாள் பறக்குமே என்று ஃபேனைக்கூடப் போடவில்லை. எனக்கு முன்னால் என் முதல் நாவல். ஒன்றல்ல, இருநூறு பிரதிகள். கையில் சவரம் செய்கிற பிளேடு.

ஒரு பிரதியை எடுப்பேன். 117ஆம் பக்கத்தைத் திருப்புவேன். முதுகை ஒட்டி மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு. தாள் கையோடு வந்துவிடும். புத்தகத்தை மூடி அந்தப் பக்கம் அடுக்கிவிட்டு அடுத்ததை எடுப்பேன்.

முதல் பத்துப் பிரதியில் கீறல் கோணல்மாணலாகப் போனது. அப்புறம் பழகிவிட்டது. பழகிவிட்டதே என்று ஒரு பயம் தனியாக வந்தது. தெருவில் பைக் சத்தம் கேட்டால் பிளேடைப் பாய்க்கு அடியில் தள்ளிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சத்தம் தாண்டிப் போனதும் மறுபடி எடுப்பேன்.

அப்பாவும் அக்காவும் மச்சானும் புதுக்கோட்டைக்கு ஜவுளி எடுக்கப் போயிருந்தார்கள். தலைவலி என்று பொய் சொல்லி நான் வீட்டில் தங்கிவிட்டேன். அக்கா ஒரு சேலை எடுக்க மூன்று மணி நேரம் ஆகும். அந்தத் தைரியத்தில்தான் இந்தத் திருட்டு வேலை.

சொந்தப் புத்தகத்தையே கிழிக்கிறானே, இவனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதா என்று கேட்பீர்கள். கிறுக்கு இல்லை. பயம். அசல் பயம்.

அப்பாவின் யோசனை

அக்கா மகள் யாழினிக்கு அப்போது மூன்று வயது. மொட்டை போட்டுக் காது குத்த நாள் குறித்தாயிற்று. குடுமியான்மலைக்குப் பக்கத்தில் இருக்கிற மச்சானுடைய குலதெய்வக் கோயிலில், அந்த வார ஞாயிற்றுக்கிழமை.

எங்கள் பக்கத்தில் பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். வேறு மடி செல்லாது. தாய்மாமன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது இன்னொருவன் மடியில் பிள்ளையை வைத்தால், அந்தப் பேச்சு அந்தப் பெண்ணை ஆயுசுக்கும் விடாது. கூடப் பிறந்தவன் இருந்தும் இல்லாதவள் என்று ஆகிவிடும்.

எங்களுக்கு அம்மா இல்லை. நான் இரண்டாவது படிக்கும்போதே போய்விட்டார். எனக்குத் தலை வாரியது, சோறு போட்டது, ஸ்கூலுக்கு வந்து வாத்தியாரிடம் சண்டை பிடித்தது எல்லாம் அக்காதான். என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். யாழினி பிறந்த அன்றைக்கே ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, காது குத்துக்கு ஒம் மடிதான்டா, இப்பவே வேட்டி கட்டப் பழகிக்க என்றாள். நான் இன்றைக்கும் வேட்டியை பெல்ட் போட்டுத்தான் கட்டுகிறேன், அது வேறு விஷயம்.

அப்பா அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இறங்க வேண்டியவர்களைக் கூவிக் கூவியே தொண்டை பெருத்துப்போனவர். என் நாவல் விற்காமல் பதிப்பாளரின் கிடங்கில் கிடந்தது. அவர் கிடங்கைக் காலி செய்தபோது மிச்சப் பிரதிகளை லாரி பார்சலில் எங்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அப்பா அவற்றைப் பரணில் ஏற்றிவைத்திருந்தார். காதுகுத்துப் பேச்சு வந்ததும் பரணை அண்ணாந்து பார்த்தவர் சொன்னார்:

“தேங்கா வெத்தல எல்லாப் பயலுந்தான் பையில போட்டுக் குடுக்குறான். எம் மகன் எழுதுன புத்தகத்த எவன் குடுப்பான்?”

தாம்பூலப் பைக்குள் தேங்காய், வெற்றிலை பாக்கு, கூடவே என் நாவல். வீட்டுக்கு ஒன்று. அப்பா மச்சானைப் பார்த்தார். மச்சானும் பரணை அண்ணாந்து பார்த்தார். அப்புறம், நல்லாத்தான் இருக்கு மாமா, செய்யுங்க என்றார். நான் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டேன்.

ஏனென்றால் 117ஆம் பக்கத்தில் இருப்பது மச்சான்.

பஸ்ஸில் எழுதுகிறவன்

எப்படி எழுதுகிறீர்கள் என்று சில பேர் கேட்கிறார்கள். மேஜை, நாற்காலி, காபி, ஜன்னல் என்று ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்க்கிறார்கள். நான் பஸ்ஸில் எழுதுகிறேன். காலையில் வேலைக்குப் போகும்போது, பின்சக்கரத்துக்கு மேலே இருக்கிற தூக்கிப்போடும் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, போனில், வலது கட்டைவிரலால். கீரனூரில் கூட்டம் ஏறி யாராவது தோளுக்கு மேலே எட்டிப் பார்க்கிறவரைக்கும் ஓடும். அதோடு அன்றைய கதை முடிந்தது.

வீட்டில் ஒரு வரி வராது. அப்பா பின்னால் நின்று சத்தம் போட்டு வாசிப்பார்.

இன்னொரு குறையும் உண்டு. எனக்கு ஆளை உண்டாக்கத் தெரியாது. இருக்கிற ஆளை அப்படியே அலாக்காகத் தூக்கிக்கொண்டு வந்து கதைக்குள் இறக்கிவிடுவேன். பெயரை மாற்றுவேன், ஊரை மாற்றுவேன், மீசையை எடுத்துவிடுவேன். உள்ளே இருப்பது அதே ஆள்தான்.

இதற்காக எட்டாம் வகுப்பிலேயே வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான். கட்டுரைப் போட்டிக்கு, எதிர்வீட்டுக்காரர் அடுத்தவர் கோழியைப் பிடித்து ரசம் வைத்த கதையை எழுதிப் பரிசு வாங்கினேன். ஆண்டு விழாவில் மைக்கில் வாசிக்கச் சொன்னார்கள். எதிர்வீட்டுக்காரர் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்ததை நான் மூன்றாவது வரியில்தான் பார்த்தேன். ஆனாலும் வாசித்து முடித்தேன். அப்புறம் இரண்டு வருடம் அந்த வீட்டு வாசலைத் தாண்டும்போது ஓடித்தான் போவேன். அப்படியும் புத்தி வரவில்லை.

ஏணி

மச்சான் சிங்கப்பூரில் கட்டட வேலைக்குப் போய் வந்தவர். காண்டிராக்ட் முடிந்தது என்று சொல்லி ஊருக்கு வந்து பெயிண்ட் கடை வைத்தார். அக்காவைக் கட்டிய நாளிலிருந்து என்னை ஒரு சொல் கடிந்து பேசாதவர்.

ஐந்து வருடத்துக்கு முந்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை, அடுத்த தெருவில் இருக்கிற அவர்கள் வீட்டு மொட்டைமாடி டேங்கைக் கழுவ ஏணி சாத்தினார். நான் கீழே பிடித்துக்கொண்டிருந்தேன். இரண்டு படி ஏறினார். நின்றார். ஏணி கடகடவென்று ஆடியது. நான்தான் சரியாகப் பிடிக்கவில்லை என்று நினைத்தேன். பார்த்தால் அவர் கால் நடுங்குகிறது. இறங்கி, கால் சுளுக்கிவிட்டது என்று உள்ளே பார்த்துச் சத்தமாகச் சொன்னார். பிறகு என்னை பைக்கில் ஏற்றிக்கொண்டு ஊருக்கு வெளியே ஒரு டீக்கடைக்குப் போனார்.

அங்கே சொன்னார். சிங்கப்பூரில் பதினான்காவது மாடி வெளிச்சாரத்தில் தன்கூட நின்று வேலை பார்த்தவர், பேசிக்கொண்டே இருந்தவர், அடுத்த நொடி பக்கத்தில் இல்லை. அதற்கப்புறம் மச்சானுக்குத் தரையை விட்டுக் கால் எழவில்லை. இரண்டு மாதம் கீழேயே நிற்க வைத்துப் பார்த்துவிட்டு கம்பெனி திருப்பி அனுப்பிவிட்டது. காண்டிராக்ட் முடியவே இல்லை.

“ஒங்கக்காவுக்குத் தெரிய வேணாம் மாப்ள. அவ என்னயப் பெரிய ஆம்பளன்னு நெனச்சுக்கிட்டு இருக்கா.”

சத்தியமாகச் சொல்ல மாட்டேன் மச்சான் என்றேன். சொல்லவில்லைதான். அந்த வாரமே எழுதிவிட்டேன். சிங்கப்பூரை மஸ்கட் ஆக்கினேன். பெயிண்ட் கடையை டயர் கடை ஆக்கினேன். ஏணியை மாற்ற மனசு வரவில்லை. எழுதி முடித்து நிமிர்ந்தபோது பஸ் ஸ்டாண்டு வந்து எல்லோரும் இறங்கிப் போயிருந்தார்கள். கண்டக்டர் வந்து தட்டினார்.

நாவல் வந்தது. ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. அந்த ஒரு பக்கத்தைத் தவிர. மதிப்புரை எழுதியவர் அந்த ஏணியைத்தான் பிடித்துக்கொண்டார். திருச்சியில் ஒரு கல்லூரியில் பேசக் கூப்பிட்டார்கள். ஏழு கேள்வியில் ஐந்து ஏணியைப் பற்றி. எப்படி சார் அந்தப் பயத்தை இவ்வளவு அசலாக எழுதினீர்கள் என்று ஒரு மாணவி கேட்டாள். நான் கற்பனை என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தேன். முந்நூறு பக்கம் நான் மாங்கு மாங்கென்று எழுதியது ஒன்றுக்கும் ஆகவில்லை. நன்றாக இருந்த ஒரே பக்கம் என்னுடையது இல்லை.

அதிலிருந்து அந்தப் புத்தகத்தை நான் திறப்பதில்லை. இரண்டாவது நாவல் மூன்று வருடமாக நாற்பதாவது பக்கத்தில் நிற்கிறது. யாராவது என்னிடம் மனசு விட்டுப் பேச ஆரம்பித்தால் போன் வந்ததுபோல எழுந்து போய்விடுகிறேன். அவர்களைப் பார்த்துப் பயம் இல்லை. என் கட்டைவிரலை நினைத்துத்தான் பயம்.

அக்கா புத்தகம் படிக்கிறவள் இல்லை. என் நாவலுக்குக் குங்குமம் வைத்து பீரோவில் பட்டுச்சேலைக்கு நடுவில் வைத்திருக்கிறாள். மச்சானும் படித்ததாகச் சொன்னதில்லை. ஆனால் இருநூறு பை இருநூறு வீட்டுக்குப் போனால்? ஒரே ஒருத்தி படித்துவிட்டு, ஏன்டி, இது ஒன் வீட்டுக்காரர் கதைதானே என்று கேட்டால் போதும். டயர் கடையாவது மஸ்கட்டாவது. அந்த ஏணியும் அந்தச் சுளுக்கும் அக்காவுக்கு ஞாபகம் வந்துவிடும். அப்புறம் நான் எந்த முகத்தோடு போய் மடியை விரித்து உட்காருவது?

அதனால்தான் பிளேடு.

சனிக்கிழமை

கிழித்த தாள்களை வெந்நீர் அடுப்பில் போட்டு எரித்தேன். ஜவுளி எடுத்துத் திரும்பிய அப்பா, இந்த வெயிலில் எவனுக்குடா வெந்நீர் என்று கேட்டார். தலைவலிக்கு என்றேன். அப்பாடா, தப்பித்தோம் என்று அன்றைக்குத்தான் கண்ணசந்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டுக் கூடத்தில் பை நிரப்பினோம். யாழினி பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். மச்சான் தேங்காய்க்கு மஞ்சள் தடவினார். அக்கா வெற்றிலையைக் கழுவித் துடைத்து அடுக்கினாள். அவளுக்கு ஒரு பழக்கம், எதையும் அப்படியே திணிக்க மாட்டாள். வெற்றிலை கசங்காமல் இருக்க, புத்தகத்துக்கு நடுவே செருகலாம் என்று ஒன்றைத் திறந்தாள். பிளந்துகொண்ட இடம் நான் கீறிய இடம்.

“இதுல ஒரு தாளக் காணோம்.”

இன்னொன்றை எடுத்தாள். அதிலும் இல்லை. நான்காவதைப் பார்த்துவிட்டு அப்பாவிடம் நீட்டினாள். அப்பா பக்க எண்ணைப் பார்த்தார். 116. அடுத்தது 119. அவ்வளவுதான், பஸ் ஸ்டாண்டுக்கே கேட்கிற மாதிரி கத்த ஆரம்பித்தார். அச்சடித்தவன் ஏமாற்றிவிட்டான், இப்போதே அந்தப் பதிப்பாளரை நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கிறேன் என்று போனை எடுத்தார்.

போன் அடிக்க ஆரம்பித்துவிட்டது. அதைப் பிடுங்கி அணைத்துவிட்டு, நான்தான் கிழித்தேன், அந்தப் பக்கத்தில் ஒரு தப்பு இருந்தது என்று சொன்னேன். என்ன தப்பு என்று அப்பா கேட்டார்.

மச்சான் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். மாமா, தேங்கா பத்தாது போல, கடைல சொல்லி வச்சிருக்கு, போய் வாங்கிட்டு வந்துருங்க என்று அப்பாவை அனுப்பினார். அப்பா முணுமுணுத்துக்கொண்டே போனார். அப்புறம் மச்சான் என்னைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். அடித்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று நின்றேன்.

“புத்தகம் வந்த மாசமே நான் அதப் படிச்சுட்டேன் மாப்ள. கடைல வச்சு மூணு தடவ படிச்சேன்.”

துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

“மாமா கேட்டப்ப நான் ஏன் சரின்னு சொன்னேன்னு நெனக்கிற? எனக்கு அவகிட்ட சொல்ல வாய் வரல. எத்தனையோ தடவ ஆரம்பிச்சுப் பார்த்துட்டேன். ஊரே பைல கொண்டுபோனா அவளும் ஒருநாள் எடுத்துப் படிப்பா, புரிஞ்சுக்கிருவான்னு இருந்தேன். அந்தத் தாளத்தான் நீ எடுத்திருக்க.”

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். பைக்கை எடுத்துக்கொண்டு தன் வீட்டுக்குப் போனார். ஐந்து நிமிடத்தில் பீரோவில் இருந்த குங்குமம் வைத்த பிரதியோடு வந்தார். அக்காவுக்கு எதிரே உட்கார்ந்து அதை என் கையில் கொடுத்தார்.

“அவ கை ஈரமா இருக்கு. நீயே படி.”

வாசித்தேன்

பச்சைப் பிள்ளை எழுத்துக் கூட்டுகிற மாதிரி வாசித்தேன். மூன்று வருடம் கழித்து என் எழுத்தை நானே பார்க்கிறேன். எழுத்து நன்றாகத்தான் இருந்தது, அதுதான் வெட்கமாக இருந்தது. ஏணி வந்தது. சுளுக்கு என்று அவன் உள்ளே பார்த்துச் சத்தம் போடுகிற இடம் வந்தது. அக்கா வெற்றிலை துடைப்பதை நிறுத்திவிட்டாள். மச்சான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாளின் அந்தப் பக்கம் முடிகிறவரை நான் தலையைத் தூக்கவில்லை.

“இவன்ட்ட எப்ப சொன்னீங்க?” என்று அக்கா மச்சானைக் கேட்டாள்.

அஞ்சு வருஷம் ஆச்சு என்றார் அவர்.

அக்கா அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

“அஞ்சு வருஷமா அவர அந்த டேங்குக்காக என்ன பேச்சுப் பேசிக்கிட்டு இருந்தேன். நீ பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டுத்தானடா இருந்த?”

உண்மை. நின்றேன். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை டேங்க் கழுவக் கூலிக்கு ஆள் வரும்போதெல்லாம் அக்கா ஆரம்பிப்பாள். ஏணி வாசல்ல கெடக்கு, ஆம்பள வீட்டுக்குள்ள கெடக்குறாரு, டேங்க் கழுவ மட்டும் ஊரெல்லாம் ஆள் தேடணும் என்பாள். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது, பெயிண்ட் கடைக்காரர் வீடு, மேச்சுவரு மட்டும் கழுத தின்ன மாதிரி இருக்கு, சிங்கப்பூர்ல இருந்து சோம்பேறித்தனத்தத்தான் வாங்கிட்டு வந்தாரு என்பாள். மச்சான் சிரித்து மழுப்புவார். கூட நானும் சிரித்திருக்கிறேன். முன்பின் தெரியாத திருச்சி மாணவிக்கு அவர் பயத்தைப் புத்தகத்தில் சொன்னவன், ஏசுகிற அக்காவிடம், விடு அக்கா என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. கதையைச் சொல்லாமலே அதைச் சொல்லியிருக்கலாம். எனக்குத் தோன்றவே இல்லை. எழுதியதோடு என் வேலை முடிந்தது என்று இருந்துவிட்டேன்.

அக்கா எழுந்து மச்சானுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். மஞ்சள் தட்டைத் தன் பக்கம் இழுத்து மிச்சத் தேங்காய்க்கு அவள் தடவ ஆரம்பித்தாள். நான் இருப்பது அவர்கள் இருவருக்கும் தெரியாதது போல இருந்தது. வெளியே போய் நின்றேன்.

அன்றைக்கு ராத்திரி சாப்பிடாமல் படுத்தேன். நாளைக்கு அக்கா என் மடியில் பிள்ளையை வைப்பாளா மாட்டாளா என்பது மட்டும்தான் மண்டைக்குள் ஓடியது. மச்சானுக்குச் சித்தப்பா மகன்கள் மூன்று பேர் இருக்கிறார்கள். கல்யாண வீட்டு வேட்டியோடு எப்போதும் தயாராக இருக்கிறவர்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை கோயிலில் பாயை விரித்தார்கள். தாய்மாமன் வாங்க என்று பூசாரி கூப்பிட்டார். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். கால் எழவில்லை. மச்சானுக்கு அன்றைக்கு ஏணியில் எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. எழுதியபோது தெரியாது.

அக்கா மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய யாழினியைத் தூக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

“போய் ஒக்காரு. கால இறுக்கிப் புடிச்சுக்க, ஒதறுவா.”

உட்கார்ந்தேன். பிடித்துக்கொண்டேன். யாழினி வீரிட்டு அழுதாள். அந்தச் சத்தத்தில் நான் அழுதது ஒருவருக்கும் கேட்கவில்லை.

அதற்கப்புறம் ஐந்து மாதம் அக்கா என்னிடம் வேண்டியதற்கு மட்டும்தான் பேசினாள். சாப்பிட்டியா, அப்பாவுக்கு மாத்திரை வாங்கினியா, அவ்வளவுதான். டேங்க் கழுவ இன்றைக்கும் கூலிக்குத்தான் ஆள் வருகிறது. யாரும் எதுவும் சொல்வதில்லை.

இந்த வாரம் இதை எழுதலாமா என்று இரண்டு பேரிடமும் போய்க் கேட்டேன். முதன்முறையாகக் கேட்டுவிட்டு எழுதுகிறேன். மச்சான், எழுது மாப்ள என்று உடனே சொல்லிவிட்டார். அக்கா அரிசி களைந்துகொண்டிருந்தாள். நான் செருப்பைப் போட்ட பிறகுதான் வாசலுக்கு வந்தாள்.

“எழுது. ஆனா நான் அவர ஏசுனத விட்டுட்டு, என்னய நல்லவளா எழுதுன, இந்த வாசப்படிய மிதிக்காத.”

விடாமல் எழுதியிருக்கிறேன். சாயங்காலம் கொண்டுபோய் அவள் கையில் கொடுக்க வேண்டும். தானே படித்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.